சனிக்கிழமை வழி கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

நெல்லை டவுன், பாளையங்கோட்டை, தூத்துக்குடி என்று எங்கிருந்தெல்லாமோ நாலைந்து வண்டிகளில் சேர்ந்து வருகிறீர்கள். விக்கிரமசிங்கபுரத்தில் டீ குடிக்க நிறுத்துகிறீர்கள். கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, காரையாறு டேம் மொத்தமும் தெரியிற வியூ பாயிண்டுக்கு எப்படிப் போவணும்?" என்று கேட்கிறீர்கள். அப்போது மணி பெரும்பாலும் பத்தரை ஆகியிருக்கும்.

போன மாதம் அப்படி ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேருக்கும் சேர்த்து மூன்று தண்ணீர் பாட்டில். ஒரு தங்கச்சி காலில் வார் செருப்பு. "எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் ஒரு தம்பி சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றான். அந்த வார்த்தை ஒரு மாதமாக என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நான் காரையாற்றில் வளர்ந்தவன். அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை, அங்கே குவாட்டர்ஸில்தான் இருந்தோம். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளை, அது மலைக்குள் தேங்கி நிற்கும் இடத்தை ஒரு தடவையாவது மேலே இருந்து பார்க்கவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து அணை நிறைந்திருக்கும் தை மாதக் காலையில் அதைப் பார்க்கவேண்டும். தண்ணீர் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் விரல் நீட்டியது போல நுழைந்திருக்கும். கரையில் மண்ணே தெரியாது, மரம் நேராகத் தண்ணீரில் இறங்கும். இதைப் பார்க்க வருகிறவர்களை நான் ஏன் தடுக்கப்போகிறேன்? நல்லபடியாக வந்து நல்லபடியாகத் திரும்பவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

முதலில் வழி. உங்களில் பாதிப் பேருக்கு இதிலேயே குழப்பம். பாபநாசம் வழியாகப் போனால் முண்டந்துறை, சேர்வலாறு, சொரிமுத்து அய்யனார் கோவில், காரையாறு. மணிமுத்தாறு வழியாகப் போனால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியில் குதிரைவெட்டி. போனில் மேப்பைப் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். நடுவில் ஒரு மலையே இருக்கிறது. "காலைல காரையாறு, மத்தியானம் குதிரைவெட்டி" என்று திட்டம் போட்டு வருகிறவர்களை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அப்படிப் போனால் நாள் பூராவும் ரோட்டில்தான் கழியும். ஒரு நாளுக்கு ஒரு இடம் போதும்.

அடுத்தது, எப்போது வருவது. இதற்கு நீங்கள் பெரிதாக எதையும் தேடவேண்டாம். நம் ஊர்ப் பேப்பரில் தினமும் அணை நீர்மட்டம் வருகிறதே, அதை ஒரு வாரம் பாருங்கள். முழுசா நிறைந்தால் பாபநாசம் அணைக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118. காரையாறு அணை என்று நாம் சொல்வதும் பாபநாசம் அணையைத்தான். மட்டம் 130-க்கு மேல் நின்றால் ஏரி ஏரியாக இருக்கும். சித்திரையில் 50, 60 அடிக்கு இறங்கிவிட்டால் சுற்றிலும் செம்மண் கரைதான் தெரியும். அவ்வளவு தூரம் ஏறி அதைப் பார்த்து முகம் வாடி இறங்கியவர்களை எனக்குத் தெரியும்.

நீர்மட்டத்துக்குக் கீழேயே மழை அளவும் போட்டிருப்பார்கள். அதில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்ற நாலு பெயரைப் பாருங்கள். டவுனில் வெயில் அடிக்கும். அம்பாசமுத்திரத்தில் தூறல்கூட இருக்காது. அந்த நாலு இடத்திலும் கொட்டித் தீர்த்திருக்கும். முந்தின ரெண்டு நாள் அங்கே நல்ல மழை என்றால் ஓடைகளில் தண்ணீர் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது, பாறையெல்லாம் வழுக்கும். பயணத்தைத் தள்ளிவையுங்கள். மலையில் பெய்த மழை கீழே என்ன செய்யும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நாம் எல்லாரும் வீட்டு வாசலிலேயே பார்த்தோமே.

அனுமதி விஷயத்தில் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். இது புலிகள் காப்பகம். களக்காடு, முண்டந்துறை இரண்டு சரணாலயங்களையும் சேர்த்து 1988-ல் அறிவித்தார்கள், தமிழ்நாட்டிலேயே முதலாவது. "அந்தக் காலத்துல நீங்கல்லாம் சும்மா போனீங்களே" என்று கேட்கிறீர்கள். போனோம்தான். அதற்கு அப்புறம் 2018 மார்ச் 11-ல் தேனிப் பக்கம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களும் உங்களைப் போல லீவு நாளில் மலை பார்க்கப் போனவர்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. இப்போது அரசே 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறது. காரையாறு – மூலக்கசம் பாதையும் அதில் இருக்கிறது. கூட வருகிற வழிகாட்டிகள் அந்தந்த மலையைச் சேர்ந்தவர்கள். தீப்பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். ஆகவே எது திறந்திருக்கிறது என்று கேட்டு, பதிவு செய்து, அப்புறம் வண்டிக்குப் பெட்ரோல் போடுங்கள். செக்போஸ்ட்டில் நின்று கெஞ்சுவதும், ஆற்றோரமாகப் புகுந்து போகலாமா என்று எங்களிடம் ரகசியமாகக் கேட்பதும் வேண்டாம். நான் வழி சொல்லமாட்டேன்.

சரி, இனி நேரத்துக்கு வருகிறேன். நான் இந்த மடலை எழுதுவதே இதற்காகத்தான்.

நம் பக்கம் மலை மேற்கே இருக்கிறது. காலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்து மலையிலும் தண்ணீரிலும் அடிக்கும். ஒன்பது, பத்து மணிக்குப் பார்க்கிற ஏரி அதனால்தான் அப்படித் தெளிவாகத் தெரிகிறது. வெயில் ஏற ஏற மேகம் கிளம்பி, உச்சி வேளைக்குள் சிகரங்களை மூடிவிடும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். டவுனில் ஆறேகால் வரை வெளிச்சம் இருக்கும். இங்கே ஐந்து மணிக்கே நிழல் விழுந்துவிடும், மரத்துக்கு அடியில் ஐந்தரைக்குப் பாதை தெரியாது. போனில் ஆறு மணிக்கு மேல் சூரிய அஸ்தமனம் என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

எனக்கே தப்பாகியிருக்கிறது. பதினைந்து வருடம் இருக்கும், ஒரு தை மாதம். நான், என் தம்பி, அத்தான், ஒன்பதாம் வகுப்பு படித்த அவர் மகள், இன்னும் இரண்டு பேர். முறைப்படி அனுமதி வாங்கி, காணிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஏறினோம். மேலே போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி. எதிரே ஒன்றுமே இல்லை, வெள்ளை மூட்டம். பெரியவர் பாறையில் உட்கார்ந்து, "ஒரு மணிக்கு எறங்கிருவோம்" என்றார். ஒரு மணி ஆயிற்று. மூட்டம் அசையவில்லை. "இன்னும் அரை மணி நேரம் பாப்போமே" என்றேன். கேட்டது நான்தான், வேறு யாரும் கேட்கவில்லை. அவர் மலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரி என்பது போலத் தலையை ஆட்டினார். அரை மணி ஒன்றானது, ஒன்று ஒன்றரையானது. ரெண்டே முக்காலுக்கு மூட்டம் விலகியது. கீழே அணை பச்சையாக, ஒரு சலனம் இல்லாமல் கிடந்தது. ஆளுக்கு ஆள் கத்தினோம், போட்டோ எடுத்தோம். இறங்கத் தொடங்கும்போது மூன்றே கால்.

பாதி வழியில் பெரியவர் கையைத் தூக்கி நிறுத்தினார். நடுப்பாதையில் யானை லத்தி. குனிந்து, புறங்கையை அதன் மேல் ஒட்டிவைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. கையாலேயே எங்களை ஒரு பாறைக்குப் பின்னால் போகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கீழே மூங்கில் ஒடியும் சத்தம். ஒடியும், அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது, மறுபடி ஒடியும். அத்தான் மகள் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல் சில்லிட்டு, வேர்த்து, வழுக்கியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். இருட்டியது. அவர் மட்டும் தனியாக முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வருகிற வரைக்கும் என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது.

ரோட்டுக்கு வரும்போது மணி ஏழரை. திருப்பத்தில் பெரியவரின் மனைவி டார்ச் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டார்ச்சை அவர் மேல் அடித்து, தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் நடந்து போய்விட்டார்கள். எனக்கு அந்த டார்ச் வெளிச்சம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் கேட்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் திட்டம் போடும்போது கிளம்பும் நேரத்தை எழுதுவதற்கு முன்னால் திரும்பும் நேரத்தை எழுதுங்கள். மேலே இருந்து ஒரு மணிக்கு இறங்கியாகவேண்டும் என்றால், அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஏற எத்தனை மணி நேரம்? உங்களில் மெதுவாக நடக்கிறவர் யாரோ, அவர் நடையை வைத்துக் கணக்குப் போடுங்கள். இறங்க அதில் பாதி நேரம் போதும் என்று நினைக்காதீர்கள். முழங்கால் இறங்கும்போதுதான் நடுங்கும். இப்படி எண்ணிப் பார்த்தால் டவுனில் இருட்டோடு கிளம்பவேண்டும் என்று தெரிந்துவிடும். பஸ்ஸில் வருகிறீர்கள் என்றால் முந்தின நாளே பாபநாசத்திலோ அம்பாசமுத்திரத்திலோ தங்குவதுதான் சரி. காரையாற்றுக்கு ஒரு சில பஸ்கள்தான். ஒரு மணிக்கு மூட்டமாக இருந்தால் மூட்டத்தோடு இறங்குங்கள். அணை எங்கேயும் போய்விடாது, அடுத்த தை வரும்.

வீட்டிலும் அந்த நேரத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். செக்போஸ்ட் தாண்டினால் பல இடங்களில் சிக்னல் கிடையாது. போன் எடுக்கவில்லையே என்று அம்மாக்கள் படுகிற பாட்டை நான் டீக்கடையிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷூ போடுங்கள். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். பிளாஸ்டிக்கை செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், அதில் முகம் சுளிக்காதீர்கள். மழைக்கு அப்புறம் அட்டை இருக்கும், வேப்பெண்ணெயில் மூக்குப்பொடி குழைத்து காலில் தடவிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல் உப்பு வையுங்கள். புளியோதரையோ தயிர்ச்சோறோ வாழையிலையில் கட்டிக்கொண்டால் பை இறங்கும்போது லேசாகிவிடும். குரங்குக்குக் கொடுக்காதீர்கள். சாராய பாட்டில் மட்டும் யாரும் எடுத்து வரவேண்டாம், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உடைந்த கண்ணாடியை மிதிக்கிற யானைக்குக் காலில் இருந்து அதை எடுத்துவிட ஆள் கிடையாது. பாட்டுப் பெட்டியும் வேண்டாம். நீங்கள் சத்தம் போடாமல் இருந்தால்தான் கருமந்தி கூப்பிடுவது காதில் விழும், மூங்கில் ஒடிவதும் கேட்கும்.

அப்புறம், உங்களோடு வருகிற வழிகாட்டி. நம் டவுன் பிள்ளைகள் சிலர் அவரை "ஏய்" என்று கூப்பிடுவதைக் கேட்டு எனக்கு உடம்பு கூசியிருக்கிறது. மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று காணி மக்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற காடு அது. வயதைப் பார்த்து அண்ணாச்சி என்றோ அண்ணன் என்றோ கூப்பிடுங்கள். பெண்ணாக இருந்தால் அக்கா. அவர் நில் என்றால் நில்லுங்கள், இறங்கலாம் என்றால் இறங்குங்கள். "இன்னும் அரை மணி நேரம்" என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். அவருக்கு உங்களிடம் மறுத்துப் பேசச் சங்கடமாக இருக்கும்.

காலையில் வீட்டில் சோறு கட்டும்போது அவருக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் கட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
காரையாறு குவாட்டர்ஸில் வளர்ந்த ஓர் அண்ணாச்சி,
விக்கிரமசிங்கபுரம்