உன் பழம்பொருள் பட்டியலைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. மழை ஆரம்பித்ததும் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

மெல்போர்னிலிருந்து நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, வாங்க நினைக்கும் பழம்பொருள் பட்டியலைத் தாளில் எழுதி பிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு இனி புதுசாக எதுவும் வாங்குவதில்லை, பழசைத்தான் தேடி வாங்கப்போகிறேன் என்று நீ சொன்னதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபர்னிஷிங் பிரிவில் பலகையோடும் திருகாணியோடும் காலம் தள்ளியவன் நான். நல்ல மரம் குப்பைக்குப் போனால் வயிறு எரியும். ஆனாலும் உன் பட்டியலில் பாதியை அடித்துவிட்டேன். கோபப்படாமல் படி.

முதலில் அந்தச் செட்டிநாட்டுக் கதவு. நீ அனுப்பிய படம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவாகத்தான் இருக்கும். தூண், நிலை, கதவு, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி என்று அந்தத் தெரு முழுக்கக் கடைதான். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு அது, இன்றைக்கு நாம் நட்டு வளர்த்து எடுக்க முடியாது. பாகம் பிரிக்க முடியாமலோ ஓடு மாற்ற வழியில்லாமலோ இடிந்துபோன வீட்டு மரம் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் நல்லதுதான். ஆனால் கதவுக்கு விலை ஏற ஏற, நன்றாக நிற்கிற வீட்டையும் பிரித்து விற்கத்தானே தோன்றும்? எது இடிந்ததிலிருந்து வந்தது, எது விற்பதற்காகவே இடித்ததிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொல்லமாட்டார். உன் ஃபிளாட்டுக்கு ஏற்கெனவே கதவு இருக்கிறது. சுவரில் சாய்த்து வைக்க இன்னொரு கதவு எதற்கு?

அதை அனுப்பவும் முடியாது. 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்ததும் அதில் அடக்கம். நூறு வருஷம் ஆகவில்லை என்றால் அதற்குத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கவேண்டும். எல்லாம் முடிந்து மெல்போர்ன் வந்து இறங்கினாலும், மரத்தில் பூச்சித் துளையைப் பார்த்தால் உங்கள் ஊர் குவாரன்டைன்காரர்கள் விடமாட்டார்கள். மருந்துப் புகை போடச் சொல்வார்கள், இல்லையென்றால் அழித்துவிடுவார்கள். செலவும் உன் தலையில்.

பழைய வெண்கலச் சிலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் கதை உனக்குத் தெரியாதா? கான்பெராவில் இருக்கும் அவ்வளவு பெரிய அருங்காட்சியகமே 2008-ல் விற்றவர் காட்டிய காகிதத்தை நம்பி வாங்கிவிட்டு, 2014-ல் திருட்டுச் சிலை என்று திருப்பிக் கொடுத்தது. நாம் எம்மாத்திரம்? சிலை வேண்டுமென்றால் சுவாமிமலையில் ஸ்தபதி வார்க்கிற புதுசை வாங்கு. புதுசு வாங்கமாட்டேன் என்ற உன் விரதத்தில் இதற்கு மட்டும் விலக்கு வைத்துக்கொள். தந்தம் பதித்த பெட்டியும் அப்படித்தான், எவ்வளவு பழசானாலும் தொடாதே. நம் நாட்டு யானைத் தந்த வியாபாரத்தை 1986-லேயே தடை செய்தாயிற்று.

அந்தக் காலத்துச் சீலிங் ஃபேன் பார்க்க அழகுதான். 75, 80 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். இப்போது வருகிற பிஎல்டிசி என்ற பிரஷ் இல்லாத மோட்டார் ஃபேன் 30 வாட் பக்கத்தில் ஓடிவிடுகிறது. பழசென்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளாதே. பிளக்கில் சொருகுகிற எதையும் பழசாக வாங்காதே.

பேத்திக்குக் கேட்ட பெயின்ட் அடித்த மரக்குதிரையும் வேண்டாம். எதையும் வாயில் வைக்கிற வயசு அவளுக்கு. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியே இங்கே 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்ததில் என்ன இருக்கிறதோ. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்று நினைக்காதே, தூள் பறந்து மூச்சில் போனால் இன்னும் ஆபத்து. நீ ஓட்டிய நடைவண்டி பரணில் இருக்கிறது. இங்கே வந்து அவள் அதை ஓட்டட்டும்.

சரி, எதை வாங்கலாம்? வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு ஒரு நடை போய்வந்தேன். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்ததிலிருந்து என் மாதிரி ஆட்களுக்கு அதுதான் கதி. ஓடாத கடிகாரம், கழற்றிய ஜன்னல், கேமரா, செல்லாத காசு, நடுவில் கோழியும் செடியும். பித்தளைப் பாத்திரக்காரர் எடை போட்டுத்தான் விலை சொல்கிறார். நாம் வாங்காவிட்டால் காயலான் கடைக்குப் போய் உருகிவிடும். அப்படிப்பட்டதைத்தான் வாங்கவேண்டும். அதே உருளியை கண்ணாடி போட்ட ஷோரூமில் ஆன்டிக் என்று பலகை மாட்டிப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அதிலும் பாதி புதுப் பித்தளை, ஆசிட் தடவிக் கறுக்க வைத்தது. மரச்சாமானிலும் இந்த மோசடி உண்டு. புது மரத்தை அறுத்து, சங்கிலியால் அடித்துத் தழும்பு போட்டு, சாயம் ஏற்றிவிடுவார்கள். பழசு என்று நம்பி நீ ஒரு பச்சை மரத்தை வெட்டக் காசு கொடுத்திருப்பாய்.

அதனால் எதையும் கவிழ்த்துப் பார். மேலே பளபளப்பு, அடியில் பிளைவுட் என்றால் நடையைக் கட்டு. நூறு வருஷத்து மேஜை என்பான், உள்ளே தலையில் கூட்டல் குறி வெட்டிய ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும்; அந்த ஸ்க்ரூ புழக்கத்துக்கு வந்ததே 1930-களில்தான். கையால் செய்த இழுப்பறையின் மூலையில் பல் கோத்த இடம் கொஞ்சமாவது ஏறுமாறாக இருக்கும். துளைக்குக் கீழே மாவு மாதிரி புதுத்தூள் கொட்டியிருந்தால் பூச்சி இன்னும் உள்ளே குடியிருக்கிறது.

ஒரு சாய்வு நாற்காலி வாங்கியிருக்கிறேன். சட்டம் உறுதி, பிரம்பு மட்டும் அறுந்துபோயிருந்தது. பிரம்பு பின்னுகிறவரைத் தேடிப்பிடிக்கத்தான் பாடுபட்டேன். பின்னல் கூலி நாற்காலி விலையைவிட ஜாஸ்தி, பேரம் பேசாமல் கொடுத்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு வேலை வராவிட்டால் அடுத்த நாற்காலி விறகுக்குத்தானே போகும்? பாலிஷ் நானே போட்டேன், அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துணிப்பந்தால் தேய்ப்பதுதான். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் திரும்பத் தேய்த்தால் போதும். இப்போதைய பியூ என்ற பிளாஸ்டிக் கோட்டிங் அப்படியில்லை, உரிந்தால் முழுக்கச் சுரண்டவேண்டும். நாற்காலி இங்கேயே இருக்கட்டும், கப்பலில் ஏற்றமாட்டேன்.

உருளி ஒன்றும் வாங்கினேன். உள்ளே ஈயம் பூசித்தான் தருவேன். பூசாமல் புளி ஊற்றிக் காய்ச்சினால் களிம்பு ஏறிவிடும். தெருவில் பூசுகிறவரைப் பார்த்தால் வெள்ளீயமா என்று கேட்டுத்தான் கொடுக்கவேண்டும், காரீயம் கலந்தால் விஷம்.

போகிக்கு முன்னால் வந்துவிடு. 2018 போகியன்று புகையில் விமானமே இறங்க முடியாமல் திருப்பிவிட்டார்கள், நினைவிருக்கிறதா? அப்படி எரிக்கத்தான் நம் தெருவிலும் முக்காலி, ஸ்டூல், அலமாரிக் கதவு என்று வாசலில் கொண்டுவந்து போடுகிறார்கள். முந்தின நாள் சாயங்காலமே ஒரு சுற்று வந்தால் காசில்லாமல் கிடைக்கும். விமானத்தில் வந்துபோகிற புகைக்கு இந்த உருளியெல்லாம் உறை போடக் காணாது என்று நீ கணக்குப் பேசுவாய். பேசு, ஆனால் வந்துவிட்டுப் பேசு.

பாட்டியின் அஞ்சறைப்பெட்டியையும் கல்சட்டியையும் பரணிலிருந்து இறக்கியாயிற்று. கல்சட்டி கனம், உன் பயணப்பெட்டியில் இரண்டும் சேர்ந்து வராது. எதை எடுத்துப்போகிறாய் என்று அம்மா கேட்கிறாள். டிக்கெட் தேதியோடு அதையும் எழுது.

அன்புடன்,
அப்பா