கல்யாணச் சாவும் மற்றச் சாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அழுதது போதும், வாழ்ந்ததைக் கொண்டாடுவோம் என்று கேத வீட்டில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இப்போது தலைகாட்டுகிறது. கொண்டாட்டம் நமக்கொன்றும் புதிதில்லை. கொள்ளுப்பேரனைக் கண்டு கண்மூடியவருக்குக் கல்யாணச் சாவு என்று பேர் வைத்ததே நம் ஆட்கள்தான். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள், தப்பு என்ற தோல்மேளத்துக்கு ஆட்டம் உண்டு, வெடியும் உண்டு. அதற்காக, கொழுந்து மலையில் குளவி கொட்டிச் செத்த இளம் தாய்க்கும் அதே ஆட்டமா? கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவில் லயத்தோடு (வரிசை வீடுகளோடு) மண்ணுக்குள் போனவர்களில் பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தச் சனத்திடம் போய் எதைக் கொண்டாடச் சொல்வது?

ஒப்பாரியை வெறும் அழுகை என்று நினைப்பதில்தான் பிழை இருக்கிறது. தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பெண்களில் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் கடைசிச் சொல்லை இழுத்து வாங்குவார்கள். எந்த மலையில் கொழுந்தெடுத்தார், எத்தனை பிள்ளையைக் கரையேற்றினார், யாரோடு பேச்சில்லாமல் போனார், எல்லாம் அதில் வந்துவிடும். 10 அடிக்கு 12 அடி காம்பிராவின் (லயத்து அறையின்) வாசலில் ஆளுயர ஸ்பீக்கரை நிறுத்தினால் அவள் குரல் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. பிணத்தைக் குளிப்பாட்ட நீரெடுத்து வரும் நீர்மாலைக்கு முன்பாக ஒரு மணி நேரமாவது அதை அணைத்து வையுங்கள்.

தப்பும் எடுபடுவதில்லை என்கிறார்கள். பனியில் வைத்து அடித்தால் எப்படி எடுபடும்? தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். அடித்தால் சாக்கில் அடித்த சத்தம்தான் வரும். காய்ந்த சருகு, கடதாசி என்று சட்டென்று எரிவதைக் கொளுத்தி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். விரலால் சுண்டிப் பார்த்தால் கணீரென்று வர வேண்டும். பச்சை மிலாற்றை, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சியைப் போட்டால் புகைதான் மிச்சம், தோல் கறுக்குமே தவிர இறுகாது. ஒரே இடத்தில் பிடித்திருந்தால் பொசுங்கி வெடித்துவிடும். குளிர் கூடிய நாளில் அடிக்கடி காய்ச்ச வேண்டும், ஆகவே பந்தலுக்குப் பக்கத்திலேயே மழை படாத இடம் ஒதுக்கிக் கொடுங்கள். அடிப்பவர்களுக்குக் கூலியை முதலிலேயே பேசிக் கையில் கொடுங்கள். போத்தலைக் கூலியாக நீட்டுவதும், இன்ன சாதிக்காரன் வந்து அடித்தே ஆக வேண்டும் என்று ஆளனுப்புவதும் அவர்களுக்குச் செய்யும் அவமானம்.

கல்யாணச் சாவே ஆனாலும் வெடியை ரோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மயானத்துக்குப் போகும் வழி தேயிலைக்குள்ளால் போகிறது. மரத்திலும் பாறையிடுக்கிலும் செடிக்கடியிலும் குளவிக்கூடு இருக்கும். ஒரு சரவெடி போதும், குளவி கலைந்து வந்துவிடும். பாடை தூக்கியவர்களுக்குக் கை ஓய்வில்லை, ஓடவும் முடியாது. வெயில் காலத்தில் மானாப்புல்லில் பொறி விழுந்தால் மலையே பற்றும். முந்தின நாள் இரண்டு பேரை அனுப்பி வழியைப் பார்த்து வரச் சொல்லுங்கள். கூடு தென்பட்டால் சுற்று வழியில் போங்கள், அந்த இடம் தாண்டும்வரை தப்பும் வேண்டாம்.

இப்படிக்கு,
மரணாதார சங்க உறுப்பினர்கள் சிலர்,
டிக்கோயா.