அம்மிணி, முதலில் அந்தக் கட்டிலை நகர்த்து

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பாப்பா கட்டில் மேல் நின்று "அப்புச்சி, அப்புச்சி" என்று குதித்தாளே, அப்போது அவள் தலைக்குப் பின்னால் சுவர் மூலையில் கருப்பாக ஏதோ தெரிந்தது. நிழல் என்று நினைத்தேன். நீ போனைத் திருப்பியபோதும் அது அங்கேயேதான் இருந்தது. கேட்டதற்கு, "குளிர் காலத்துல இங்க எல்லா வீட்லயும் வரும்ப்பா, போன மாசம்தான் துடைச்சுப் பெயிண்ட் அடிச்சோம், மறுபடி வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அது பூசணம் கண்ணு. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் அம்மா வந்துவிடுவாள், எனக்கும் கோர்வையாகச் சொல்ல வராது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், முழுசாகப் படி.

அம்மாவுக்குச் சளி, மாத்திரை சாப்பிடுகிறாள் என்றுதான் இதுவரை உனக்குச் சொல்லியிருக்கிறோம். அது உண்மை இல்லை. சின்னக் குழந்தையோடு அங்கே எங்களை விட்டுத் தள்ளி இருக்கிறாய், சொன்னால் பதறிப்போவாய் என்று அவள்தான் தடுத்தாள், நானும் சரி என்று விட்டுவிட்டேன். அவளுக்கு வந்திருப்பது ஹைப்பர்சென்சிடிவிட்டி நியூமோனைட்டிஸ். இந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. கிருமி தொற்றி வருகிற நோய் இல்லை இது. மூச்சோடு உள்ளே போகிற பூசணத் தூளை உடம்பு எதிரி என்று நினைத்துக்கொண்டு சண்டை போடுகிறது, அந்தச் சண்டையில் நுரையீரல் வீங்குகிறது. வீக்கம் மருந்துக்கு வடியும். வருஷக் கணக்கில் அப்படியே நடந்தால் தழும்பு விழும், அந்தத் தழும்பு போகாது. அம்மாவுக்கு ஸ்கேனில் கொஞ்சம் தழும்பு தெரிகிறது.

பூசணம் எங்கிருந்து வந்தது என்றால் நம் வீட்டிலிருந்துதான். நீ பிளஸ் டூ படித்தாயே அந்த வடக்கு ரூம், நான் ஆசைப்பட்டு அப்பாரு வீட்டோடு சேர்த்து 2009-இல் கட்டியது. அம்மா அத்தனை வருஷமும் படுத்து எழுந்தது அங்கேதான். பாத்ரூமும் அந்த ரூமும் ஒரே சுவர், குழாயைச் சுவருக்குள் வைத்துப் பூசியிருந்தோம். இரண்டு மூன்று வருஷத்திலேயே பீரோவுக்குப் பக்கத்தில் ஓதம் ஏறி, புள்ளி புள்ளியாகக் கருத்தது. நான் என்ன செய்தேன்? பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற ஆளைக் கூப்பிட்டு, சுரண்டி, பட்டி பார்த்து, மேலே எமல்ஷன் அடித்தேன். அடுத்த ஆடிச் சாரலில் மறுபடி வந்தது, மறுபடி அடித்தேன். இப்படி எத்தனை பொங்கல் என்று எண்ணினால் எனக்கே வயிறு பிசைகிறது.

கொப்பரைக் களத்திலேயே காலம் முழுக்க நின்றவன் நான். மூட்டையைப் பிரிக்கும் முன்பே உள்ளே பூசணம் இருக்கிறதா என்று மூக்கு சொல்லிவிடும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஈரம் ஆறு சதவீதத்தைத் தாண்டினால் கழிக்கிறார்கள் என்று களத்தில் ஒவ்வொரு பருப்பையும் திருப்பித் திருப்பிக் காய வைத்தவன். கடலைக்காயில் பூசணம் பிடித்தால் மாட்டுக்குக்கூடப் போடாமல் குழியில் கொட்டுகிறோம், சுவரில் பிடித்தால் மேலே பெயிண்ட் அடித்துவிட்டு அதற்குக் கீழே படுத்துக்கொள்கிறோம். அந்த ரூமில் வீசிய வாடை எனக்குத் தெரியாமல் இல்லை. மழைக்காலம், பழைய துணி என்று விட்டுவிட்டேன்.

இருமல் வந்து முதல் நாலைந்து வருஷம் எல்லாரும் பக்கத்து நார் மில் தூசி என்றார்கள். ஒருவர் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார், இன்னொருவர் டிபி சோதனை எடுக்கச் சொன்னார். யாரையும் குறை சொல்ல வரவில்லை, ஒருவரும் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. அம்மா தாராபுரம் போய் அம்மிச்சி வீட்டில் பத்து நாள் இருந்தால் இருமல் பாதியாகக் குறைந்துவிடும், இங்கே திரும்பி வந்த இரண்டாம் நாள் மறுபடி பிடித்துக்கொள்ளும். உன் அப்பத்தா இருந்தவரை, "பொறந்த ஊட்டுக்குப் போனா மட்டும் நோவு பறந்துருது" என்று வாசலில் வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்லும். அம்மா பதில் பேச மாட்டாள். நானும் அம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்வதற்கே கஷ்டமாக இருக்கிறது, எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒருநாள் நடு ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்க, இந்த ரூமுக்குள்ள மூச்சு முட்டுதுங்க, நான் ஆசாரத்துல படுத்துக்கட்டுங்களா" என்று கேட்டாள். கொசு கடிக்கும், பேசாமல் படு என்றேன்.

போன ஐப்பசியில் குளித்துவிட்டு வெளியே வந்தவள் தலை துவட்டக்கூட முடியாமல் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். உதடு ஊதா நிறமாக இருந்தது. அப்புறம்தான் கோயமுத்தூருக்கு ஒரு நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவே அரை மணி நேரம் ஆனது, அதுவரை கேள்விதான். வீட்டில் புறா அடைகிறதா, ஏர் கூலர் உண்டா, மாட்டுக்குச் சோளத்தட்டு யார் பிரித்துப் போடுகிறார்கள், மழையில் நனைந்த போரில் வெள்ளையாகப் புகை கிளம்புமா, சுவரில் ஓதம் உண்டா. கடைசியாக, "வெளியூர் போனா இருமல் குறையுதாம்மா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

ஸ்கேன், ரத்தம், ஊதிப் பார்க்கிற சோதனை, குழாய் விட்டுப் பார்ப்பது என்று எட்டு நாள். ராத்திரி பெஞ்சில் உட்கார்ந்து போனில் படிப்பேன். நம் நாட்டில் 27 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 1,084 பேரைப் பார்த்த ஓர் ஆய்வு 2017-இல் வந்திருக்கிறது. நுரையீரலில் தழும்பு விழுகிற மாதிரியான நோய்களோடு வந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு இந்த நோய்தான், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். நம் வீட்டுக் கூலரின் தொட்டியை நினைத்துப் பார்த்தேன், அடியில் பச்சையாக வழுவழுவென்று இருக்கும், சித்திரை வந்தால் மேலே தண்ணீரை ஊற்றிப் போட்டுவிடுவேன்.

ஊருக்கு வந்த மறுநாள் கொத்தனாரை வைத்து அந்தச் சுவரைப் பிரித்தேன். பீரோவை நகர்த்த மூன்று பேர் வேண்டியிருந்தது. பீரோவின் முதுகுப்பக்கம் கம்பளிப்பூச்சி மாதிரி சாம்பல் நிறத்தில் பூத்துக் கிடந்தது. கரண்டியை வைத்து நெம்பியதும் பெயிண்ட் தோசை மாதிரி முழுசாகப் பிரிந்து வந்தது, ஓரத்தில் பார்த்தால் அடுக்கு அடுக்காக நிறம் தெரிந்தது. பத்தாவதில் நீ அடம்பிடித்து அடிக்கச் சொன்ன ரோஸ் கலரும் நடுவில் இருந்தது. அதற்குக் கீழே சுவர் கருப்பு, கை வைத்தால் ஜில்லென்று ஈரம். உள்ளே குழாய் திரும்புகிற இடத்தில் எல்போவிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. அவ்வளவுதான் கசிவு. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த அம்மாவின் கூறைச் சேலையில் ஜரிகையோரம் முழுக்கப் புள்ளி. மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலில் தள்ளி நின்று பார்த்தாள். துணியில் அந்தத் தூள் ஒட்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொடியில் காயப்போடவா என்று கேட்டேன், வேண்டாம், கண்ணில் படாமல் எங்காவது கொண்டுபோய்விடுங்கள் என்றாள்.

இப்போது அம்மா முன்பக்கத்து அப்பாரு வீட்டில்தான் இருக்கிறாள், சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை, காற்று வந்து போகிறது. வடக்கு ரூமைச் செங்கல் வரைக்கும் கொத்தி, குழாயைச் சுவருக்கு வெளியே எடுத்து, கதவு ஜன்னலைத் திறந்தபடி காயப் போட்டிருக்கிறேன். அம்மாவுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராமில் ஆரம்பித்தது, இப்போது 10. சர்க்கரை ஏறியது, முகம் உப்பியிருக்கிறது, அதனால்தான் வீடியோவில் வர மாட்டேன் என்கிறாள், உன் மேல் கோபமெல்லாம் இல்லை. உட்கார்ந்திருக்கும்போது ஆக்ஸிஜன் 95 காட்டுகிறது, மோட்டார் ரூம் வரை நடந்தால் 90-க்கு வருகிறது. போன மாதம் வழியில் இரண்டு இடத்தில் நிற்பாள், இப்போது ஒரு இடம்தான். இதற்கு மேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர்.

சரி, உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்கும் இதே நோய் வரும் என்று சொல்லவில்லை, எல்லாருக்கும் வருவதில்லை. ஆனால் சின்னக் குழந்தை, போன மாதம் இரண்டு தடவை வீசிங் என்று நீயே சொன்னாய். இன்றைக்கே அவள் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து எடுத்து வேறு ரூமில் போடு. அங்கே குழாய்க் கசிவு இல்லாமலே இது வரும். ஜன்னலைப் பூட்டி வைத்துவிட்டுச் சோறு வடிக்கிறீர்கள், ரசம் கொதிக்கிறது, குளிக்கிறீர்கள், துணியை ஹீட்டர் மேலேயே காயப் போடுகிறீர்கள். அந்த ஆவி முழுக்க எங்கே போகும், குளிர்ந்த மூலைச் சுவரில் போய்த் தண்ணீராகப் படியும். சமைக்கும்போதும் குளித்த பிறகும் ஃபேனைப் போட்டு ஜன்னலைக் கொஞ்சம் திற, குளிர் வந்தால் வரட்டும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. ஈரப்பதம் பார்க்கிற சின்ன மீட்டர் கடையில் கிடைக்கும், வாங்கி வை, 60-ஐத் தாண்ட விடாதே. துடைத்தால் என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத் துணியால் துடை, காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் தூளெல்லாம் காற்றில் கிளம்பிவிடும், பாப்பா வீட்டில் இருக்கும்போது செய்யவே செய்யாதே. பிளீச்சிங் போட்டால் கருப்பு மறைந்துவிடும், ஆனால் செத்த பூசணமும் மூச்சுக்கு ஆகாது, ஈரம் நிற்காமல் எதைப் போட்டும் பயனில்லை.

நீங்கள் இருக்கிற மான்செஸ்டருக்குப் பக்கத்தில்தான் ரோச்டேல். அங்கே அவாப் என்ற இரண்டு வயதுப் பையன் 2020 டிசம்பரில் வீட்டுப் பூசணத்தால் மூச்சு நோய் வந்து இறந்துபோனான். 2022-இல் மரண விசாரணை நடத்திய அதிகாரியே அப்படித்தான் எழுதினார். அந்தத் தகப்பன் 2017-லேயே புகார் சொல்லியிருக்கிறார், மேலே பெயிண்ட் அடித்துக்கொள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. அவன் பேரில் சட்டம் வந்து, சமூக வீட்டுவசதி வீடுகளில், அதாவது கவுன்சிலோ சங்கமோ குறைந்த வாடகைக்கு விடுகிற வீடுகளில், புகார் வந்தால் குறித்த நாளுக்குள் வந்து பார்த்தாக வேண்டும் என்று 2025 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்களுடையது தனியார் வீடு என்று மாப்பிள்ளை சொன்னார். ஆனாலும் வாய்வார்த்தையாகச் சொல்லாமல், தேதி போட்டு, படம் வைத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். அவர் அசையவில்லை என்றால் கவுன்சிலில், நம்மூர் நகராட்சி மாதிரி, வந்து பார்க்கச் சொல்லலாம். வாடகை கூடினாலும் பரவாயில்லை, வேறு வீடு பார்ப்பதென்றால் மாப்பிள்ளையிடம் பேசிவிட்டுச் சொல்லு, அட்வான்ஸுக்கு நான் அனுப்புகிறேன். இந்த வருஷம் தேங்காய் விலை பரவாயில்லை. அவர் சங்கடப்பட்டால் நானே அவரிடம் பேசுகிறேன்.

பாப்பாவை டாக்டரிடம் காட்டும்போது, அவர்களாகக் கேட்காவிட்டாலும் நீயாகச் சுவரைப் பற்றிச் சொல்லிவிடு. படத்தைக் காட்டு.

இதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன் என்று அம்மாவிடம் காலையில் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ ராத்திரி இருமுறாளான்னு கேளுங்க" என்றாள். எனக்கு இதுவரை அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. இருமுகிறாயா கண்ணு? மறைக்காமல் சொல்லு.

கட்டிலை நகர்த்திவிட்டு அந்தச் சுவரை முழுசாகப் படமெடுத்து அனுப்பு. இங்கே எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நான் முழித்திருப்பேன்.

அப்பா