புதுக் காபட் போடுமுன் வேனின் தரையைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியா சீசன் நெருங்க நெருங்க, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் படுக்கை வேன்களையும் பழைய கோஸ்டர், ரோசா பஸ்களையும் உள்ளே புதுப்பிக்கும் வேலை மலையகம் எங்கும் சூடுபிடிக்கிறது. உரிமையாளர்கள் கேட்பது அநேகமாக ஒன்றுதான். பழைய காபட்டுக்கு மேலேயே புதியதை அடித்து, வீட்டு சோபா ஒன்றும் அலுமாரி ஒன்றும் வைத்து, மூன்று நாளில் வண்டியைத் தந்துவிட வேண்டும். அப்படிச் செய்து கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. கீழ்நாட்டின் வரண்ட பக்கங்களில் அந்த வேலை சில வருடம் தாக்குப்பிடிக்கலாம். இங்கே ஒரு மழைக்காலம் தாண்டுவதே பெரிய காரியம்.

மழையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு பேர் ஜன்னல்களை மூடிக்கொண்டு எட்டு மணி நேரம் தூங்கினால், மூச்சாலும் வியர்வையாலும் அரை லீற்றருக்கு மேல் நீராவி வண்டிக்குள் சேர்கிறது. உள்ளே தேநீர் போட்டால் அது இன்னும் கூடும். 100 கிராம் சமையல் எரிவாயு எரியும்போது ஏறத்தாழ 160 கிராம் தண்ணீர் உண்டாகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தை, மாசியில் புல்லில் உறைபனி விழும் ஊர். அந்தக் குளிரில் தகரம் ஐஸாகக் கிடக்க, நீராவி அதில் பட்டு முத்து முத்தாய்த் துளிர்த்து வழிந்து தரைக்கு வருகிறது. வெறும் தரையென்றால் காலையில் துணியால் துடைத்துவிடலாம். சுவருக்குச் சுவர் ஒட்டிய காபட் என்றால், அடியில் உள்ள ஸ்பொஞ் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே கை வைத்துப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும்.

சந்தேகம் இருப்பவர்கள் பக்கக் கதவுப் படிக்கு அருகே காபட்டின் ஒரு மூலையைக் குறடால் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். முதலில் வருவது பூஞ்சண நாற்றம். பிறகு ஸ்டேப்பிள் பின்கள் துருப்பிடித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் பழுப்பு வட்டம் தெரியும். தேயிலை மலைச் செம்மண் சப்பாத்தோடு வந்து, ஸ்பொஞ்சில் களிபோலப் படிந்திருக்கும். அடியில் பிளைவுட் இருந்தால் ஒரு திருப்புளியின் முனையை அதில் அழுத்துங்கள். முனை எதிர்ப்பில்லாமல் கால் அங்குலம் இறங்கினால் அந்தப் பலகை முடிந்த கதை. அதற்கு மேல் எவ்வளவு விலையான காபட் போட்டாலும் காசுதான் நட்டம்.

ஆகவே வேலை தொடங்க வேண்டியது தளபாடத்தைக் கழற்றுவதில். பற்றரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றி, எரிவாயு சிலிண்டரை வெளியே எடுத்த பிறகே மற்றது. எது எங்கே இருந்தது, எந்த வயர் எதன் பின்னால் போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் கட்டிய வெளிநாட்டு மோட்டார் வீடுகளில் பெரும்பாலும் காபட்டை விரித்துவிட்டுத்தான் அதன்மேல் அலுமாரிகளைப் பூட்டுவார்கள். அப்படியான வண்டியில் அலுமாரிக்கு அடியில் போவதை இழுக்க வேண்டாம். அலுமாரியின் காலோடு ஒட்டி வெட்டிவிட்டு, அடியில் ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அலுமாரியும் கழற வேண்டியதுதான். திறந்த இடத்தில் காபட்டை இரண்டடிப் பட்டிகளாக வெட்டிச் சுருட்டி எடுப்பது சுகம். பிளேட்டை ஆழமாக இறக்கக் கூடாது. காபட்டுக்கு அடியில் வயர் ஓடுவது பல வண்டிகளில் வழக்கம். முகக்கவசம் இல்லாமல் இந்த வேலைக்குக் குனிய வேண்டாம். பூஞ்சணத் தூசும் உக்கிய ஸ்பொஞ்சின் தூளும் நெஞ்சுக்கு ஆகாது.

தரை திறந்ததும் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். ஒருவர் உள்ளே டோர்ச்சோடு இருக்க, வெளியே குழாயால் கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாகப் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த ஓட்டையால் வந்தது என்று தெரியாது. பக்கக் கதவின் பீடிங் ரப்பர், ஜன்னல் ஷட்டர் ரப்பர், பின் லைட்டின் கஸ்கட், கூரை ரக்கின் போல்ட் துளைகள், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். பின்பக்கமும் ஏசி உள்ள வண்டிகளில் அதன் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டு சுவருக்குள்ளேயே ஒழுகும். கூரை ஒழுகுகிறது என்று சீலன்ட் பூசிப் பூசி அலுத்துப்போன சில வண்டிகளில் உண்மையான காரணம் அந்தச் சின்னக் குழாய். பழைய ஆசனத் தண்டவாளங்களைக் கழற்றிய வண்டிகளில் போல்ட் துளைகள் திறந்தே கிடக்கும். டயர் வாரியடிக்கும் தண்ணீர் அவற்றால் ஏறும்.

பிறகு காயவிட வேண்டும். மலைநாட்டில் வெயிலை நம்ப முடியாது, மின்விசிறியை நம்பலாம். காய்ந்ததா என்று அறிய ஓரடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப்பால் பலகையில் ஒட்டி ஓரிரவு விடுங்கள். காலையில் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். துருவைக் கம்பித் தூரிகையால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, ஓட்டை இருந்தால் டிங்கரிங் செய்து, பிரைமர் இரண்டு கை அடித்து, மூட்டுகளுக்கு சீலன்ட் வைக்க வேண்டும். கதவுப் படியின் அடியிலும் பக்கப் பெட்டிகளின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளைச் சீலன்டால் அடைத்துவிடாதீர்கள். அவை வண்டி செய்தவன் காரணத்தோடு விட்டவை.

குளிருக்கு அடியில் ஏதாவது போட வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். சரிதான். ஆனால் வெள்ளை ரிஜிஃபோம் (தெர்மோகோல்) ஆட்டத்தில் பொடிந்து கிறீச்சிடும். அதைவிட, ரப்பர் சொலூஷன் வகைப் பசை பட்டால் கரைந்து குழியாகிவிடும்; ஒட்டியவர் மறுநாள் வந்து பார்த்தால் பலகை பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டு கிடக்கும். கெட்டியான, தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் தகட்டை 20 மில்லிமீற்றர் தடிப்பில் எடுத்து, தகரத்தின் பள்ளங்களை நிரப்பி, பொலியூரிதேன் பசையால் ஒட்டுங்கள். அந்த ஃபோமுக்கும் சொலூஷன் பசை ஆகாது. அதற்கு மேல் 12 மில்லிமீற்றர் நீர்தாங்கும் பிளைவுட். சாதாரண வகையை எடுத்து வார்னிஷ் அடித்தால் போதாதா என்பார்கள். போதாது, ஏடுகளை ஒட்டியிருக்கும் பசையே ஈரத்தில் விட்டுவிடும். நீர்தாங்கும் வகையிலும் வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு தடவை வார்னிஷ் அவசியம். சுவரோரம் 4 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள், பலகைகள் சேரும் இடம் தகரத்தின் மேட்டில் வரட்டும். பத்தடிக்கு ஐந்தடித் தரைக்கு எட்டுக்கு நாலு பலகை இரண்டு தாராளம்.

மேலே 2 மில்லிமீற்றர் வைனில் விரிப்பு, கூடியவரை ஒரே துண்டாக, ஓரங்களில் இரண்டு அங்குலம் சுவரில் ஏறும்படி. குளிரில் சுருண்டிருந்த வைனிலை அவசரமாக விரித்தால் மடிப்பு நிரந்தரமாகிவிடும். முதல்நாள் இரவே சூடான அறையில் விரித்து வைக்க வேண்டும். காலுக்கு மெத்தென்று வேண்டுமானால் அதற்கு மேல் விளிம்பு தைத்த பொலிப்ரொப்பிலீன் காபட் துண்டுகளைப் பொத்தான் வைத்துப் பூட்டுங்கள். மழைநாளில் கழற்றி உதறி வெளியே தொங்கவிடலாம். சாக்கு நூல் அடிப்பக்கம் உள்ள காபட்டை வாங்காதீர்கள், அது உக்கும். சாரதியின் காலடியில் தளர்வாக எதையும் போடக் கூடாது. பிரேக் பெடலுக்கு அடியில் சுருண்டால் றம்பொடை வளைவுகளில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சுவருக்கும் கூரைக்கும் மெல்லிய இழுபடும் காபட் துணி நல்லதுதான். குளிரும் சத்தமும் குறையும், தண்ணீர் தேங்க இடமில்லை. ஆனால் பனிமூட்டத்தில் ஒட்டக் கூடாது. பசையில் உள்ள ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் பசைமேல் வெண்படலமாகப் படியும். அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அழுத்தும்போது ஒட்டியதுபோல் இருந்து, ஒரு வாரத்தில் கூரைத் துணி தலையில் விழும். பசையை இரண்டு பக்கமும் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை விடுங்கள். இங்கே அதற்குப் பதினைந்து நிமிடம் போதாது, அரை மணியும் ஆகும். கூரைக்குச் சூடு தாங்கும் பசையே கேளுங்கள், ஏனென்றால் அதே வண்டி நாளைக்கு நீர்கொழும்பு வெயிலிலும் நிற்கும்.

இனித் தளபாடம். வீட்டு சோபா வேனுக்குள் வரவே கூடாது என்பது எங்கள் முடிவான அபிப்பிராயம். பாரமான மரச்சட்டம், ஆணியும் பசையும் மட்டும் பிடித்த மூட்டுகள், தரையில் பூட்ட இடமில்லாத கால்கள். வாசலால் நுழையாமல் பின்கதவைக் கழற்றி ஏற்றியவர்களும் உண்டு. அமுக்கிய மரத்தூள் பலகை அலுமாரியும் அப்படித்தான். ஈரத்தில் ஊதி, பிணைச்சல் ஆணி கழன்றுவிடும். பாரத்தையும் பாருங்கள்: 18 மில்லிமீற்றர் மரத்தூள் பலகை ஒன்று ஏறத்தாழ 40 கிலோ, 12 மில்லிமீற்றர் பிளைவுட் ஒன்று 23 கிலோ அளவில். கினிகத்தேனை ஏற்றத்தில் அந்த வித்தியாசம் இஞ்சினுக்குத் தெரியும். உள்ளூர் கிரண்டிஸ் (யூக்கலிப்டஸ்) மரத்தில் சட்டம் செய்வதென்றால் நன்றாகப் பதப்பட்டதா என்று பாருங்கள். பச்சை மரம் முறுக்கிக்கொள்ளும். ஓரங்குல அலுமினியப் பெட்டிச் சட்டமும் 9 மில்லிமீற்றர் பிளைவுட் பக்கங்களும் போதும். இருக்கைப் பெட்டி 14 அங்குல உயரம், மேலே 4 அங்குல ஸ்பொஞ் வைத்தால் உட்காரச் சரியாக வரும். ஒவ்வொரு பெட்டியும் வாசலைவிட இரண்டு அங்குலம் குறைவாக இருந்தால்தான் பிற்பாடு கழற்றலாம்.

பூட்டுவது தகர ஆணியால் அல்ல. தகர ஆணி ஆட்டத்தில் தன் துளையைத் தானே பெருப்பித்துக்கொண்டு கழன்றுவிடும். பெட்டிக்குக் குறைந்தது நான்கு 8 மில்லிமீற்றர் போல்ட் தரையை ஊடுருவிப் போக, அடியில் இரண்டங்குலச் சதுர, 3 மில்லிமீற்றர் இரும்புத் தகடும், உள்ளே நைலோன் வளையமுள்ள இரும்பு நட்டும். துளையிடுமுன் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து டீசல் டாங்கி, பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள் எங்கே என்று பார்த்துச் சொல்லட்டும். துளை விளிம்புக்குப் பிரைமரும் சீலன்டும். ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியபின் எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்குங்கள். தண்ணீர் டாங்கி 60 லீற்றர் என்றால் 60 கிலோ. அதை இரு அச்சுக்கும் நடுவில் வையுங்கள், பின்னச்சுக்குப் பின்னால் வைத்தால் ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாகும். அலுமாரிக் கதவுகளுக்குக் காந்தம் போதாது, அழுத்தித் திறக்கும் பூட்டுத் தேவை.

ஸ்பொஞ்சைத் தட்டையான பலகைமேல் வைத்தால் அதன் அடிப்பக்கம் கறுக்கும். உடல் சூட்டு ஆவி குளிர்ந்த பலகையில் நீராகிறது. பலகையில் நாலங்குலத்துக்கு ஒன்றாக ஓரங்குலத் துளைகள் போடுங்கள், அல்லது பலகைக்குப் பதிலாக இடைவெளி விட்ட மரக்கீற்றுகள் வையுங்கள். உறையைப் பொலியெஸ்டர் நூலால் தையுங்கள், பருத்தி நூல் உக்கும். பின்பக்கம் சிப் வேண்டும். படுக்கும் முகம் துணி, பக்கங்கள் ரெக்சின். முழுவதும் ரெக்சின் என்றால் துடைக்க லேசு, ஆனால் இரவில் யாரும் அதில் சுகமாகத் தூங்கியதில்லை.

பெட்டி இருக்கையில் ஆட்களை ஏற்றி வண்டி ஓட்டாதீர்கள். ஓடும்போது உட்கார, பெல்ட்டுள்ள பழைய ஆசனங்கள் அவற்றின் சொந்த இடத்திலேயே இருக்கட்டும். பதிவுச் சான்றிதழில் ஆசன எண்ணிக்கை இருக்கிறது; கழற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். எரிவாயு காற்றைவிடப் பாரம் என்பதால் சிலிண்டர் பெட்டியின் அடியில் உள்ள துவாரத்தைக் காபட்டால் மூடக் கூடாது. குளிருக்கு வண்டிக்குள் கரிச்சட்டி வைப்பது உயிரோடு விளையாடுவது.

காலத்தையும் சொல்ல வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் இந்த வேலைக்கு தை முதல் பங்குனி நடுப்பகுதிவரை நல்லது. பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் ஆனி முதல் ஆவணிவரை. சித்திரை சீசனுக்கென்று பங்குனிக் கடைசியில் கொண்டுவந்தால் பின்னேர இடிமழையில் எதையும் காயவைக்க முடியாது. தரை உக்கியிருந்தால் குறைந்தது ஒரு கிழமை கொடுங்கள். தரையை மூடுமுன் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிளைவுட்டின் வகை, ஸ்பொஞ்சின் அடர்த்தி, பசையின் பெயர் மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஸ்பொஞ்சின் அடர்த்தி 32க்குக் (கன மீற்றருக்கு 32 கிலோ) குறைந்தால் சீசன் முடியுமுன் குழி விழுந்துவிடும்.

இங்ஙனம்,
வாகன குஷன், மரவேலைத் தொழிலாளர் சிலர்,
ஹட்டன்.