‘எம்.சி.ஆர்.’ என்று எழுதினால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு என்று கடைகளில் தொங்கும் செருப்புகளில் ‘எம்.சி.ஆர்.’ என்ற எழுத்து பளிச்சென்று இருக்கும். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம் அது. கால் மரத்துப் போனவர்கள் அந்த எழுத்தை நம்பித்தான் வாங்குகிறார்கள். ஆனால் அந்த அடி ரப்பரா, இ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் நுரையா, எவ்வளவு மெத்து, எத்தனை மில்லிமீட்டர் கனம் என்பதைப் பெரும்பாலான செருப்புகளில் தேடினாலும் கிடைக்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காலுக்கு அப்படியல்ல.

இந்த ரப்பருக்கும் வேலூருக்கும் பழைய உறவு உண்டு. தொழுநோயாளிகளின் பாதப் புண், நோய் சதையை அரிப்பதால் வருவதல்ல. உணர்ச்சியற்ற கால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் தாங்குவதால் வருகிறது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினார்கள். மருந்து வைத்துக் கட்டினால் மட்டும் போதாது, கால் எதை மிதிக்கிறது என்பதை மாற்ற வேண்டும் என்றானதும் செருப்பே சிகிச்சையில் ஒரு பங்காகிவிட்டது. மெத்தென்ற எம்.சி.ஆர். உள்ளடி, முள்ளும் கண்ணாடிச் சில்லும் ஏறாத கெட்டி ரப்பர் வெளியடி என்ற அமைப்பு அந்த வழியில் வந்ததுதான். இன்று அதே தேவை சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு.

ரப்பரின் கடினத்தை ‘ஷோர் ஏ’ என்ற அளவில் சொல்வார்கள். எண் குறையக் குறைய மெத்து கூடும். வண்டி டயரின் மேற்பரப்பு 60, 70 அளவில் இருக்கும். மரத்த காலுக்கான உள்ளடி 15 அளவில் இருக்க வேண்டும். கனம் 10 மில்லிமீட்டர். சாதாரண ஹவாய் செருப்புக்கான ஷீட்டும் எம்.சி.ஆர். தான், ஆனால் அது இதைவிட நன்றாகவே கெட்டி. ஆகவே அதன் மேல் எம்.சி.ஆர். என்று எழுதுவதில் பொய் இல்லை, பயனும் இல்லை.

கடினத்தை அளக்கும் மீட்டர் இல்லாமலே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். உள்ளடியின் ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நன்றாக அழுத்திப் பாருங்கள். கனம் பாதியாக அமுங்க வேண்டும். அமுங்கவே இல்லை என்றால் கெட்டி. இரண்டு விரலும் ஒன்றையொன்று உணரும் அளவுக்கு அமுங்கினால் அதுவும் ஆகாது: உடல் எடை ஏறியதும் நுரை முழுக்க நசுங்கி, கால் கெட்டித் தரையில் நிற்பது போலாகிவிடும். விரலை எடுத்ததும் குழி உடனே மேலெழ வேண்டும். கட்டில் மெத்தைக்குப் போடும் பஞ்சு நுரை இந்தச் சோதனையில் தோற்றுவிடும், ஏனென்றால் அதனுள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் திறந்தவை. அழுத்தினால் காற்று வெளியேறிவிடும். எம்.சி.ஆரின் அறைகள் ஒவ்வொன்றும் மூடியவை. காற்று உள்ளேயே நின்று தாங்குகிறது, தண்ணீரும் ஊறுவதில்லை.

இ.வி.ஏ.வும் மூடிய அறை நுரைதான். ரப்பரைவிட எடை குறைவு, விலையும் குறைவு, வேண்டிய நிறத்தில் கிடைக்கும், சூடாக்கிப் பாதத்தின் வளைவுக்கேற்ப அழுத்தி வடிவமைக்கலாம். நடக்கும் ஷூக்களின் நடுஅடி பெரும்பாலும் இதுதான். இதைக் குறை சொல்வது நோக்கமல்ல. வயதானவர்கள் காலைத் தூக்கி வைக்க இந்த எடைக் குறைவு பெரிய உதவி. குறை வேறு இடத்தில் இருக்கிறது: மெத்தான இ.வி.ஏ. குதிகாலிலும் விரல்களுக்குக் கீழேயும் சீக்கிரம் படிந்துவிடும், படிந்த குழி திரும்ப எழாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் சுருங்கும். ரப்பரா இ.வி.ஏ.வா என்ற சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு சீவலை எடுத்து, காற்றோட்டமான இடத்தில், இடுக்கியில் பிடித்து எரித்துப் பார்க்கலாம். ரப்பர் கரும்புகை கக்கி டயர் நாற்றம் அடிக்கும். இ.வி.ஏ. உருகிச் சுருங்கும், மெழுகு வாடையோடு லேசான காடி வாடையும் வரும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். உள்ளடியில் பொடிப் பொடி முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் ‘அக்குபிரஷர்’ செருப்புகளைச் சர்க்கரை நோயாளிகள் ஆசையாக வாங்குகிறார்கள். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அது நேர் எதிரி. எடையைப் பரப்ப வேண்டிய உள்ளடி, அதைச் சின்னச் சின்னப் புள்ளிகளில் குவித்துத் தருகிறது. கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் போகும் செருப்பும் கூடாது. அந்த இடுக்கு அறுபடுவது காலுக்குத் தெரியாது. பின்வார் கட்டாயம். அது இல்லாவிட்டால் செருப்பு நழுவியதுகூடத் தெரியாமல் நடப்பார்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய செருப்பு பெரும்பாலும் வீணாவது பழுது பார்க்கும்போதுதான். வார் பிய்ந்ததும் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுப்பார்கள். சாதாரணச் செருப்புக்குச் செய்வதையே அவர் செய்வார்: இரண்டு சிற்றாணி, மேலே ஒரு தையல். நல்ல காலுக்கு அது சரியான வேலை. மரத்த காலுக்கு, ரப்பர் தேயத் தேய ஆணியின் முனை மேலே வரும். புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் வீட்டில் யாராவது பார்ப்பார்கள். இந்தச் செருப்பில் ஆணிக்கு இடமே இல்லை. மிதிக்கும் பரப்பில் தையலும் வரக் கூடாது.

வாரை மாற்றும் முறை இது. வெளியடியை ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, மொக்கைக் கத்தியால் ஓரத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். உள்ளடியின் விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பிளவு போட்டு வாரைக் கீழே இறக்க வேண்டும். வாரின் முனை குறைந்தது 3 சென்டிமீட்டர் இரண்டு அடிகளுக்கும் நடுவே படிய வேண்டும். அந்த முனையைத் தாள் போல மெலிதாகச் சீவியாக வேண்டும். சீவாமல் ஒட்டினால் அந்த இடம் மேடு தட்டி, அந்த மேட்டிலேயே புண் வரும்.

ஒட்டு விட்டுப் போவதற்குப் பசையைக் குறை சொல்லும் முன் பரப்பைப் பார்க்க வேண்டும். அச்சில் வந்த ஷீட்டின் மேல் வழவழப்பான தோல் ஒன்று இருக்கும். அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசிய பொருளும் அதில் படிந்திருக்கும். அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது. சொரசொரப்பான உப்புத்தாள் அல்லது அரத்தால் பளபளப்பு முழுதும் போகும்வரை தேய்த்து, தூசியைத் தூரிகையால் தட்ட வேண்டும். மண்ணெண்ணெயால் துடைப்பது வழக்கத்தில் இருக்கிறது. அது எண்ணெய்ப் பிசுக்கை விட்டுச் செல்லும், நுரையையும் உப்ப வைக்கும். பிறகு நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் பசையை இரு பக்கமும் மெலிதாக ஒரு பூச்சு. நுரை அதை உறிஞ்சிவிடும் என்பதால் 15 நிமிடம் கழித்து இரண்டாவது பூச்சு. விரல் முட்டியால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இணைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தட்ட வேண்டும். ஈரப்பசையில் இணைத்தால், பசையைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான் திரவம் உள்ளே சிக்கிக் குமிழியாகும். ஒரு நாள் முழுதும் காலில் போடக் கூடாது.

மழைக் காலத்தில் இன்னொரு சிக்கல். கரைப்பான் ஆவியாகும்போது பசைப்படலம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படியும். பரப்பு வெளுத்துப் பூத்தாற்போல் தெரிந்தால் இணைக்கவே வேண்டாம். மிதமான சூடு காட்டி உலர்த்திய பிறகே இணைக்கலாம். அந்த ஆவி தீப்பிடிக்கும், அடுப்பருகே இந்த வேலை கூடாது. இ.வி.ஏ. அடிக்கு நியோபிரீன் மட்டும் நம்பகமில்லை; அதற்கான பிரைமர் என்ற முன்பூச்சைத் தடவி பி.யூ. (பாலியூரித்தேன்) பசை போட வேண்டும். ஒரே சொட்டில் ஒட்டும் பசை காய்ந்தால் கண்ணாடி போலாகும். அடி வளையும்போது உடைந்து, உடைந்த விளிம்பு கூராக நிற்கும்.

உள்ளடி குழிந்துவிட்டால் குழிக்குள் துண்டு வைத்து நிரப்புகிறார்கள். துண்டின் ஓரம் புதிய வரப்பாகிவிடும். முழு உள்ளடியையும் மாற்றுவதே வழி, அதுவும் இரண்டு செருப்புக்கும் சேர்த்து; ஒரு காலுக்கு மட்டும் மாற்றினால் உயரம் ஏறி இறங்கி நிற்கும். புதிய ஷீட்டை வெட்டக் காலின் அளவை மாலையில், நின்றபடி எடுக்க வேண்டும். வீக்கம் இருந்தால் அப்போதுதான் தெரியும். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு வெட்டினால் ரப்பர் பிடிக்காது. ஒட்டும் முன் அந்த ஈரம் காய்ந்திருக்க வேண்டும்.

பி.யூ. அடி போட்ட ஷூ பெட்டிக்குள்ளேயே உதிர்ந்துபோவது வேறு கதை. காற்றின் ஈரமே அந்த நுரையைச் சிதைக்கிறது. அதை ஒட்டிப் பயனில்லை, அடியையே மாற்ற வேண்டும்.

கேட்பது இரண்டுதான். சர்க்கரை நோயாளிகளுக்கு என்று விற்கும் ஒவ்வொரு செருப்பிலும், பெரியமேட்டிலும் ஆம்பூரிலும் விற்கும் ஒவ்வொரு ஷீட்டிலும், மூலப்பொருள், ஷோர் எண், கனம் மூன்றையும் அச்சிடச் சொல்ல வேண்டும். சென்னையில் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் கிண்டி மத்திய காலணிப் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. தெருவோரம் செருப்புத் தைப்பவர்களுக்கு, தினக்கூலி இழப்பை ஈடுகட்டி, ஆணி இல்லாமல் வார் மாற்றும் இந்த ஒரு வேலையை மட்டுமாவது அவை சொல்லித் தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
காலணித் தொழில் அறிந்த வாசகர்கள்,
ராணிப்பேட்டை