பொன்முடி எல்லாம் அரசன் முடி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரியாவின் பழைய சில்லா அரசு விட்டுச்சென்ற பொன்முடிகளை, அதாவது பொற்கிரீடங்களை, பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ‘அரசர்கள் கொலுவீற்றிருக்கையில் அணிந்தவை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது வருத்தம் தருகிறது.

சில்லாவின் தலைநகராயிருந்த கியோங்ஜுவிலுள்ள ஹ்வாங்னாம் பெருங்கல்லறை இரட்டை மேடு. தெற்கே ஆண், வடக்கே பெண். பொன்முடி கிடைத்தது பெண்ணின் மேட்டில்! கூடவே கிடைத்த வெள்ளிக் கச்சையின் நுனியில் ‘சீமாட்டியின் கச்சை’ என்று சீன எழுத்தில் பொறித்திருக்கிறது. ஆணுடன் வைத்தவை வெள்ளி முடியும் பொன்முலாம் பூசிய முடிகளும்தான். 1924இல் அகழ்ந்த கும்னியோங் கல்லறை முடியின் குறுக்களவோ ஏறக்குறைய 15 செ.மீ.; சிறுபிள்ளையின் தலைக்குத்தான் பொருந்தும்.

அணிந்தார்களா என்பதே இன்னும் தீராத வாதம். செய்முறையைப் பாருங்கள். நெற்றிப்பட்டை ஒன்று, முன்பக்கம் மரக்கிளை போன்ற மூன்று தண்டுகள், பின்பக்கம் மான்கொம்பு போன்ற இரண்டு. எல்லாம் மெல்லிய தகட்டில் வெட்டி, பட்டையில் சிறு பொன்னாணிகளால் அறைந்தவை. தகடு துவளாதிருக்க ஓரம் நெடுகப் புள்ளி குத்தியிருக்கிறார்கள். அதன்மேல் பொற்கம்பியை முறுக்கி வட்டத் தகடுகளையும், வளைந்த பச்சைக்கல் மணிகளையும் தொங்கவிட்டால் பாரம் தாங்காது; தலையசைத்தாலே தண்டு ஆடும். சில கல்லறைகளில் பட்டை மோவாய்வரை இறங்கி, முடி முகத்தையே மூடியபடி கிடந்தது. இறந்தவருக்கென்றே செய்தது என்ற கருத்துக்கு இது வலுவான சான்று என்பேன்.

இவை கல்லறைத் திருடரிடமிருந்து தப்பிய விதத்தையும் கட்டுரை சொல்லவில்லை. மர அறையின்மேல் கூழாங்கற்களைக் குவித்து, அதன்மேல் மண் மூடினார்கள். பக்கவாட்டில் துளைத்தால் கற்கள் சரிந்து வழியை அடைக்கும். திருடனுக்கு வேலை நடக்காது. அதே கற்கள்தான் மரம் உளுத்ததும் உள்ளே இறங்கி முடிகளை நசுக்கின. கண்காட்சியில் நிமிர்ந்து நிற்பவை பிற்பாடு நிமிர்த்தி ஒட்டியவை.

முடிகளோடு கல்லறைகளில் கிடைத்த ஒட்டியாணங்களை விட்டதுதான் பெருங்குறை. மீன், சிறு கத்தி, சாணைக்கல், சாமணம் என்று அவற்றில் தொங்கும் உருவங்கள் முடிக்கு இளைத்தவை அல்ல. அடுத்த இதழில் ஒரு படமாவது போடுங்கள். அடியில் எந்தக் கல்லறை என்பதையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்