கஞ்சாக் கடைக்கு வழி கேட்ட நண்பனுக்கு

ஸ்கார்பரோ

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பன்னீர் திராட்சைக்கு இந்த வருஷமும் விலை இல்லை என்று எழுதியிருக்கிறாய். எந்த வருஷம்தான் இருந்தது? சரி, மே மாதம் மகனைப் பார்க்க டொராண்டோ வருகிறாய், அது போதும்.

கடைசி வரியில், மகனிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் கேட்டிருக்கிறாயே, "அங்கே தெருவுக்குத் தெரு கஞ்சாக் கடையாமே, நிஜமாடா?" என்று. நிஜம்தான்.

2018 அக்டோபர் 17ஆம் தேதி கனடா முழுக்கச் சட்டப்படி ஆகிவிட்டது. எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் முதலில் அரசாங்கத்தின் இணையக் கடை மட்டும்தான். பிறகு குலுக்கல் போட்டு 25 பேருக்கு அனுமதி கொடுத்தார்கள், 2019 ஏப்ரலில் கடைகள் திறந்தன. இன்று மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேல். மொத்த வியாபாரமும் இணையக் கடையும் அரசாங்கத்தின் கையில், தெருக் கடைகள் தனியாருக்கு. டாஸ்மாக்கைப் பாதியாக வெட்டியது போல என்று வைத்துக்கொள். டொராண்டோவில் குவீன் தெருவின் மேற்குப் பக்கம் நடந்தால் நம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை இருக்கிற மாதிரி ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். சிலது போணியாகாமல் பூட்டியும் கிடக்கும். ஆனால் நான் இருக்கும் ஸ்கார்பரோவிலிருந்து ஸ்டீல்ஸ் சாலையைத் தாண்டிவிட்டால் மார்க்கம். அந்த ஊர் நகரசபை இந்தக் கடையே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது.

போன கோடையில் என் மச்சினன் வந்திருந்தபோது வேடிக்கை பார்க்கவென்று ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடியெல்லாம் மங்கலாக ஒட்டியிருந்தது. 19 வயது ஆகாதவர்கள் கண்ணில் உள்ளே இருப்பது படக்கூடாது. வாசலிலேயே ஒரு பையன் அடையாள அட்டை கேட்டான். மச்சினனுக்கு முழு வழுக்கை, மீசையும் வெள்ளை. "எனக்கா?" என்றான். உனக்கும்தான். நீ பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வா.

உள்ளே புகையும் இல்லை, மயக்கமும் இல்லை. செல்போன் கடை மாதிரி வெளிச்சம். சுவரில் திரை, அதில் பெயரும் விலையும். விற்கிற பிள்ளைகளுக்கு 'பட்டெண்டர்' என்று பெயர். சரக்கைக் கையால் தொட முடியாது. வலைமூடி போட்ட சின்ன டப்பாவை நீட்டுவார்கள், மோந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பாக்கெட்டில் படம், பகட்டு எதுவும் கிடையாது. மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை, சிவப்பில் இலைச் சின்னம், அவ்வளவுதான். அளவு மட்டும் விசித்திரம். நாடே கிராமில் எடை போடுகிறது, இது மட்டும் 3.5 கிராம் பாக்கெட். பழைய அவுன்ஸில் எட்டில் ஒரு பங்கு. நாம் கிராமில் நகை வாங்கிவிட்டுப் பவுனில் பேசுகிறோமே, அந்தக் கதைதான்.

நாங்கள் வாங்கியது 'கம்மி' என்கிற மிட்டாய். பாக்கெட்டுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போதைச் சரக்கு இருக்கக்கூடாது என்பது சட்டம். அதில் இரண்டு மிட்டாய் இருந்தது. புகை உடனே ஏறும், இது வயிற்றில் செரித்து ஈரல் வழியாக வரவேண்டும், ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்று அந்தப் பெண் இரண்டு முறை சொன்னாள். மச்சினன் வீட்டுக்கு வந்ததும் ஒன்றைப் போட்டான். அரை மணியில், "இதுதானா உங்க ஊர்ச் சரக்கு?" என்று மற்றதையும் போட்டுக்கொண்டான். இரவுச் சாப்பாட்டில் தட்டையே உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவன், மெதுவாக என்னைக் கேட்டான்: "மச்சான், இந்த இடியாப்பத்துக்கு நுனி எங்கே இருக்கு?" கால் மணி நேரம் தேடினான். என் மனைவி, தம்பிக்கு பிரஷர் இறங்கிவிட்டது என்று மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டவும் மாட்டேன்.

அந்த இரவு எனக்கு நம் கம்பம் பஸ்தான் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும்போது செக்போஸ்டில் இறக்கிவிட்டு, மூட்டைகளுக்குள் கம்பியைச் சொருகிப் பார்த்தார்களே. மொச்சைக் கூடைக்காரம்மாவின் கூடைக்கு அடியில் பொட்டலம் கிடைத்து, அவளை ஜீப்பில் ஏற்றியபோது அவள் கத்தியது "என் மொச்சையை யாராவது எடுத்து வைங்க" என்று. இங்கே என்னடாவென்றால் பார்கோடை ஸ்கேன் செய்துவிட்டு "பை வேண்டுமா?" என்கிறார்கள். இந்த நாட்டிலும் முன்பு கொஞ்சம் வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்றவர்களுக்கு 2019இல் கட்டணமில்லாமல் மன்னிப்புக் கேட்க வழி செய்தார்கள். குற்றப்பதிவை அழிக்கவில்லை, ஒதுக்கி வைக்கிறார்கள். கடை வைத்தவனுக்குக் கிடைத்த வேகம் அந்த ஆட்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் வயிற்றெரிச்சல்.

பூங்கா பக்கம் வாடை அடிக்கும், பயப்படாதே. நான் முதல் வருஷம், நாற்றத்தைப் பீய்ச்சி அடிக்கும் ஸ்கங்க் என்ற பிராணி வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகொரு நாள் பக்கத்து வீட்டுப் பையன்தான் என்று நினைத்து எட்டிப் பார்த்தால் நிஜமாகவே ஸ்கங்க்.

வெளியே 30 கிராம் வரை வைத்திருக்கலாம். காருக்குள் பிடிக்கக்கூடாது. மகனுடைய அடுக்குமாடியிலும் தடை இருக்கலாம், கேட்டுக்கொள். திரும்பும்போது மட்டும் ஒரு மிட்டாய்கூடப் பெட்டியில் இருக்கக்கூடாது. கனடாவை விட்டு எடுத்துப் போவதே இங்கு குற்றம், நீ அபுதாபியில் வேறு இறங்கி ஏறுகிறாய். சட்டைப்பையை உதறிவிட்டு ஏறு.

மே கடைசி ஞாயிறு கென்சிங்டன் மார்க்கெட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெருவில் பாட்டும் கூத்துமாக இருக்கும். அங்கே போவோம். கடைக்குள் வருவதா வேண்டாமா என்பதை வாசலில் நின்று முடிவு செய்துகொள். மகனிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

வரும்போது அதிரசம் கொண்டுவா.

உன்,
பாண்டி